பதினோரு தட்டும் ஒரு கிள்ளு மாவும்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. தத்துவச் சந்தேகம் எதுவும் இல்லை. மாவில் விழுந்தது சர்க்கரையா உப்பா என்கிற சந்தேகம். நோன்பின் இருபத்தெட்டாம் நாள் மதியம், தில்ம்சான் என்கிற ஊரில், ஒரு வீட்டுச் சமையலறையில் மூன்று பெண்களுக்கு வந்தது. இதை வைத்து ஒரு கதை பண்ணலாம் என்று நினைத்தவளின் துணிச்சலை நீங்கள் மெச்சத்தான் வேண்டும்.

தொடக்கத்தை மட்டும் நான்கு முறை எழுதினேன்.

"ஏப்ரல் வெயில் ஜன்னல் வழியாக மாவின் மேல்..." (வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

"கைரா பிசைந்தாள், நஃபீஸா அளந்து போட்டாள், வஹீபா..." (வஹீபாவின் பெயர் வந்ததும் பேனா நின்றுவிட்டது. காரணம் மூன்றாம் பகுதியில் வருகிறது.)

மற்ற இரண்டையும் உங்களுக்குக் காட்ட வெட்கமாக இருக்கிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

கைரா அந்த வீட்டின் மூத்த மருமகள். வஹீபா இளையவள். நஃபீஸா இருவருக்கும் நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளாமல் பிறந்த வீட்டிலேயே இருந்து, பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றவள். வாய் கொஞ்சம் நீளம். ('கொஞ்சம்' என்பதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன்.)

ஒன்பது கிலோ மாவு. நெய், சோம்பு, ஆரஞ்சுப்பூ நீர் எல்லாம் சேர்த்து கைரா பிசைந்து முடித்துவிட்டாள். இனி வளையம் வளையமாக உருட்டி, எள் தூவி, தட்டங்களில் அடுக்கி, பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் தெருமுனை அடுப்புக்குக் கொண்டுபோக வேண்டும். பெருநாள் வாரத்தில் அங்கே ஊர் மொத்தமும் தட்டத்தோடு நிற்கும். நேரம் தப்பி வந்தால் மந்திரி வீட்டுத் தட்டத்தையும் அடுப்புக்கார லக்தர் தொடமாட்டார்.

அப்போதுதான் நஃபீஸா அலமாரியைப் பார்த்தாள். முந்தின நாள் அவளே கழுவித் துடைத்து நிரப்பிய டப்பாக்கள். ஒரே மாதிரி டப்பா, ஒரே மாதிரி மூடி, உள்ளே ஒரே மாதிரி வெள்ளைப் பொடி.

"கைரா... நான் எந்த டப்பாவுல இருந்து அளந்தேன்?"

"என்னைக் கேட்டா? என் கை மாவுக்குள்ள இருந்துச்சு."

"இடது பக்கமா, வலது பக்கமா?"

"ஏண்டி, முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைங்க தப்பையெல்லாம் சிவப்பு மையில வட்டம் போட்ட. இப்ப உனக்கு யாரு வட்டம் போடறது?"

ருசி பார்த்தால் தீர்ந்தது. ஆனால் நோன்பு. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சொல்லும் மார்க்கம் படித்த ஆலிம்களும் உண்டுதான். இருபத்தேழு நோன்பைப் பத்திரமாகப் பிடித்துவிட்டு, இருபத்தெட்டாவதில் மாவுக்காக வம்பை விலைக்கு வாங்க நஃபீஸா தயாராக இல்லை. கைராவின் பிள்ளைகள் யாரையாவது கூப்பிடலாம் என்றால், அவர்கள் தகப்பனோடு பெருநாள் செருப்பு வாங்கப் போயிருந்தார்கள்.

(ஒரு சிட்டிகையைத் தீயில் போட்டால் சர்க்கரை உருகிக் கருகும், உப்பு படபடவென்று வெடிக்கும், தெரிந்துவிடுமே என்கிறீர்களா? உண்மை. பசித்த மூளைக்கு அது தோன்றவில்லை. எழுத உட்கார்ந்த பிறகுதான் எனக்கே தோன்றியது.)

3

இந்த இடத்தில் கதை ஓட்டமாக ஓட வேண்டும். ஆனால் வஹீபா ஏன் இரண்டு வருடமாக நஃபீஸாவின் கையால் ஒரு கவளம்கூடச் சாப்பிடுவதில்லை என்று சொல்லாமல் நகர முடியாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், இதே பெருநாள். பலகாரத் தட்டுகளை அண்டை அயலுக்கு எடுத்துப்போவது நஃபீஸாவின் வேலை. பதினோரு வீடு. வஹீபா அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து முதல் தடவை. வீட்டுக்குள் மட்டும் சொல்லியிருந்தாள். நஃபீஸா பதினோரு வீட்டிலும் தட்டைக் கொடுத்தாள், கூடவே சேதியையும் கொடுத்தாள். சந்தோஷத்தில்தான். (இந்த வரியை நான் அடிக்கமாட்டேன். சந்தோஷத்தில்தான்.)

பெருநாள் முடிந்து மூன்றாம் வாரம் கர்ப்பம் கலைந்துபோயிற்று.

இந்த ஊரில் தட்டு வெறுமனே திரும்பாது. வாங்கினவர்கள் தங்கள் வீட்டில் விசேஷமாக ஏதாவது செய்யும் நாளில் அதை வைத்துத்தான் திருப்பித் தருவார்கள், வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு தட்டாக வந்தது. ஒவ்வொரு தட்டோடும் ஒரு பெண் வந்தாள், "வயித்துல இருக்கிறவன் என்ன சொல்றான்?" என்று சிரித்த முகமாக. மற்ற இருவரும் வேலைக்குப் போய்விடும் பகல்களில் வீட்டில் இருந்தது வஹீபா மட்டும். பதினோரு முறை கதவைத் திறந்தாள். பதினோரு முறை பதில் சொன்னாள்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மதினி, சோப்பு தீர்ந்துபோச்சு" என்கிற அளவுக்குப் பேச்சு வார்த்தை, அவ்வளவுதான்.

நஃபீஸா மன்னிப்புக் கேட்டாளா? கேட்க வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்து... (இந்த வாக்கியத்தை அழகாக முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அவள் கேட்கவில்லை.)

4

மறுபடி சமையலறை.

எள் புடைத்துக்கொண்டிருந்த வஹீபா எழுந்து வந்தாள். மாவில் ஒரு கிள்ளு எடுத்தாள். நஃபீஸாவை நேராகப் பார்த்தாள். வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள்.

"சர்க்கரைதான்," என்றாள். "உப்புதான் சுத்தமா இல்ல. ஒரு சிட்டிகை போடணும்ல? அதையே மறந்துட்டீங்க மதினி."

கைரா சிரித்த சிரிப்பில் தட்டங்கள் அதிர்ந்தன. "உப்பைக் கொட்டிட்டேன்னு ஒப்பாரி வச்சவ உப்பே போடலையாம்!" பிறகு வஹீபாவின் பக்கம் திரும்பினாள். "நோன்பு இல்லாத நாளாடி உனக்கு? முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுதானே. நாங்க என்ன ஆம்பளைங்களா?"

"ஆமாக்கா," என்றாள் வஹீபா.

கைரா நினைத்தது மாதாமாதம் வரும் நாட்களை. நஃபீஸாவால் அப்படி நினைக்க முடியவில்லை. நோன்பின் ஐந்தாம் நாளும், பதினாறாம் நாளும் வஹீபா குழாயடியில் நின்று தண்ணீர் குடித்ததை அவள் பார்த்திருந்தாள். இன்று இருபத்தெட்டு. நோயோ பயணமோ இல்லாத ஒருத்திக்கு மாதம் முழுக்க நோன்பை விட்டுவிட்டுப் பிறகு ஈடு செய்யும் சலுகை, வயிற்றில் பிள்ளை இருந்தால்தான் உண்டு.

நஃபீஸா உப்பு டப்பாவைத் தேடி எடுத்தாள். அன்று அவள் உருட்டிய வளையங்களில் பாதி கோணல். லக்தரே கேட்டாராம், இதெல்லாம் வளையமா, எட்டா என்று.

5

இனிமேல் யாரோ ஒருத்தியைப் போல எழுத முடியாது. நஃபீஸா நான்தான். 'நான்' என்று தொடங்கியிருந்தால் அந்தப் பதினோரு வீட்டை எழுதியிருக்கவே மாட்டேன். அதனால் என்னைக் கொஞ்ச நேரம் வெளியே நிறுத்தி வைத்தேன்.

பெருநாளன்று பதினோரு தட்டோடு கிளம்பினேன். முதல் வீட்டிலேயே கேட்டார்கள்: "என்ன நஃபீஸா, வீட்டுல என்ன விசேஷம்?"

"உப்பு சரியா இருக்கான்னு பாருங்க," என்றேன்.

பதினோரு வீட்டிலும் அதையேதான் சொன்னேன். ஒவ்வொரு வாசலிலும் சேதி தொண்டை வரை வந்து முட்டியது, பொய் சொல்லமாட்டேன். கைராவிடம்கூடச் சொல்லவில்லை. வஹீபா தானாக வாய் திறக்கும்வரை இன்னும் மூன்று மாதம் அப்படியே இருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

போன மாதம் கதையை எழுதி வஹீபாவிடம் கொடுத்தேன். நிஜத்தில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மூன்று முடிவுகள் எழுதியிருந்தேன். முதலாவதில் குழந்தை பிறக்கிறது. இரண்டாவதில் பிறக்கவில்லை. (இரண்டு வரிக்கு மேல் கை போகவில்லை.) மூன்றாவதில் குழந்தையைப் பற்றிய பேச்சே இல்லை; நஃபீஸா மன்னிப்புக் கேட்கிறாள், வஹீபா அழுகிறாள்.

அவள் கடைசிப் பக்கம் வரை படித்தாள்.

"நான் எங்க அழுதேன்?"

"கதைக்கு வேணும்ல."

"வேணும்னா நீங்க அழுங்க." முன்னால் இருந்த ஒரு பக்கத்தைத் திருப்பி விரலால் தட்டினாள். "இந்த அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறது தப்பு. தீயில போட்டுப் பாக்கலாம்னு எனக்கு அப்பவே தோணுச்சு."

"பின்ன ஏன்டி வாயில போட்ட?"

"நீங்க பாக்கணும்னுதான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கதைக்காக இல்லை. "அந்தப் பதினோரு கதவுக்கும் என்னை மன்னிச்சிரு வஹீபா," என்றேன். மூன்றாவது முடிவில் இதைவிட நல்ல வசனம் வைத்திருந்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"மன்னிக்காமத்தான் உங்க மாவைத் தின்னேனா?" என்றாள். பிறகு காகிதங்களை அடுக்கி என் மடியில் வைத்தாள். "தாராளமா எழுதுங்க. முடிவை மட்டும் எழுதாதீங்க மதினி. அதை நான்தான் சொல்லணும்."

6

ஆகவே மூன்று முடிவுகளையும் மறுபடி படித்துப் பாருங்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். வஹீபா யார் யாரிடம் சொன்னாளோ அவர்களுக்கெல்லாம் விஷயம் தெரியும். உங்களிடம் அவள் சொல்லவில்லை. என்னிடம் இருந்து பெயராது. கெஞ்சிக் கேட்டாலும் பெயராது. ஐம்பத்தைந்து வயதில் எனக்கு இப்படி ஒரு வாய் வாய்த்திருப்பது எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குப் புரியாது.

என்னைப் பற்றி ஒன்றே ஒன்று சொன்னால் வஹீபா கோபித்துக்கொள்ளமாட்டாள் என்று நினைக்கிறேன். நேற்று நான் கடைத்தெருவுக்குப் போய், மிகச் சின்ன அளவில் ஒரு...

(இல்லை. வாயை மூடிக்கொள்கிறேன்.)