கோரைப்பள்ளத்து முறைத்தண்ணீர்

ஒப்பாரிக்கு நடுவிலிருந்து எழுந்து சௌந்திரம் மண்வெட்டியை எடுத்ததும் பந்தலே அவள் பக்கம் திரும்பியது. அப்பன் சென்னியப்பனை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை.

“ஏம் புள்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா உனக்கு?” என்றார் ஒன்றுவிட்ட சித்தப்பா தண்டாயுதபாணி. “சாவு உளுந்த ஊட்டு மொறைத்தண்ணி பக்கத்துக் காட்டுக்குத்தான். காலங்காலமா இருக்கற வழக்கமாச்சே.”

பக்கத்துக் காட்டு நிலம் அவருடையதுதான். எண்பத்து மூன்றாம் வருஷம் அது. மழை பொய்த்துப் பொய்த்து, வேலூர் வாய்க்காலில் முறைவைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். இன்று சென்னியப்பன் வீட்டு முறை. அவருடைய வாழை தலை தொங்கி நின்றது. அவர் ஆசைப்பட்டதிலும் தப்பில்லை.

ஆனால் அந்த வாழைக்கு அடியில் மண்ணே எரிந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இரண்டு காடும் சேர்ந்து ஒரே கோரைப்பள்ளம். தலைமுறை தலைமுறையாகக் கோரை வேர் மக்கி மையாய்க் கறுத்த மண். தண்டாயுதபாணி தன் பாதியின் நீரை வடித்து வாழை வைத்தார். சென்னியப்பன் மாட்டவே மாட்டேனென்றுவிட்டார். “அத்தனையும் வேருங்க. ஈரம் இருக்கற வரைக்குந்தான் மண்ணு. காஞ்சா வெறகு” என்பார். ஊரே அவரைக் கிறுக்கனென்றது; சந்தையில்கூட அவருக்குச் ‘சேத்துக் கவுண்டர்’ என்றுதான் பேர். இந்த வெயிலுக்கு, வாழைச்சருகில் வைத்த தீ மண்ணுக்குள் இறங்கி, அணையாமல் புகைந்து புகைந்து நடுவரப்பை நெருங்கிவிட்டது. இன்றைய தண்ணீர் தவறினால் அடுத்த முறைக்குள் அப்பன் காத்த பள்ளம் சாம்பலாகிவிடும்.

சௌந்திரம் அம்மாவைப் பார்த்தாள். முத்தாயம்மாள் கணவனின் தலைமாட்டிலிருந்து நகரவில்லை.

“நீ போ சாமி. உங்கப்பன நாம் பாத்துக்கறேன். நீ தண்ணியப் பாரு.”

அவ்வளவுதான். அவள் கொண்டையை முடிந்துகொண்டு நடந்தாள். பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார் தண்டாயுதபாணி.

“பொம்பள, அதுவும் தீட்டோட மடைய மிதிப்பியா? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“பேசட்டுங்க சித்தப்பா. இங்க வந்து பாருங்க.”

வரப்போரமாக அவருடைய மண்ணில் மண்வெட்டியை ஊன்றினாள். அது தடுக்காமல் காம்பு வரை இறங்கிற்று. வெளியே இழுத்தபோது குபுக்கென்று புகையும் வெள்ளைச் சாம்பலும் வந்தன. அவர் கையால் தொட்டுப் பார்த்து, சுட்டுக்கொண்டு உதறினார்.

“அடப்பாவமே... உள்ளுக்குள்ள ஒண்ணுமே இல்லையே புள்ள. இதுல தண்ணி உட்டாலும் நிக்காதே.”

“எங்கப்பன் கிறுக்கனில்லீங்க” என்றாள். நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றாள்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, தன் காட்டு மடையைத் தானே சேறு அப்பி அடைத்தார். தண்ணீர் கோரைக்குள் திரும்பியது. புகை நெருங்கிய வரப்போரம் சுர்ரென்றது. பிறகு அடங்கியது.

பொழுது சாயும் நேரத்தில் கொட்டுச் சத்தம் கேட்டது. பாடை வந்துகொண்டிருந்தது. சுடுகாட்டுத் தடம் பள்ளத்தின் தலைப்பைக் கடந்துதான் போகிறது. அங்கே இப்போது கணுக்கால் தண்ணீர்.

“சுத்திப் போயிரலாமுங்களா?” என்றான் முன்னால் தூக்கியவன்.

“எதுக்கு? நேரா வாங்கடா” என்றார் தண்டாயுதபாணி. கையை உதறிவிட்டுப் போய்த் தோள் கொடுத்தார்.

பெண்கள் அதற்குமேல் போவதில்லை. சௌந்திரம் மடையிலேயே நின்றாள். பாடை சேற்றைத் தாண்டிக் கரையேறி மறைந்தது. காய்ந்து வெளுத்த தடம் முழுக்க, தூக்கிப் போனவர்களின் காலடிகள் கறுப்பாக, ஈரமாகப் பதிந்து கிடந்தன.