மூன்று பேருக்கான அனுமதி

மூன்று மாதமாக அந்த மெக்கானிக், வேலைக்கு மலையேறும் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். பெரிய ஆஸ்பத்திரியின் நிலவறையில், தண்ணீர் பம்புகளுக்கு நடுவே, ஈரத்தரையில் அவர் தொம் தொம் என்று நடப்பதைப் பார்த்து லிஃப்ட் ஆபரேட்டர் முதல் சலவைப் பிரிவுப் பெண்கள் வரை கேலி செய்யாத ஆளில்லை. "என்ன சார், மூணாவது பம்பு மேல ஏறிக் கொடி நடப் போறீங்களா?" என்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். புது பூட்ஸோடு பாலைவனத்துக்குப் போகிறவன் இரண்டாம் நாளே கொப்புளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் என்று படித்திருந்தார். எதையும் படித்துத் தெரிந்துகொண்டு, அதை அட்சரம் பிசகாமல் செய்கிற மனிதர். படிக்காமலே செய்கிற காரியம் ஒன்றே ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் போகவிருந்தது ஒரு பள்ளத்தாக்குக்கு. பாலைவனப் பாறையை ஆறு ஒன்று லட்சக்கணக்கான வருஷமாக அறுத்து உண்டாக்கிய இடம். ரோடு கிடையாது, கடை கிடையாது, போன் எடுக்காது. கீழே இறங்கினால் நான்கு ராத்திரி, ஐந்து பகல் கழித்து மறுமுனையில்தான் ஏற முடியும். வனத்துறை சில குழுக்களை மட்டும் உள்ளே விடும், அதுவும் குலுக்கல் போட்டு. மெக்கானிக் ஐந்து வருஷம் விண்ணப்பித்து ஐந்து வருஷமும் கையை விரித்துவிட்டார்கள். ஆறாவது வருஷம் விழுந்தது. மூன்று பேருக்கு அனுமதி, குழுத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர். வயது ஐம்பத்தெட்டு. இன்னொரு தடவை குலுக்கலில் விழுவதற்குள் முட்டி தேய்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இப்போது விட்டால் விட்டதுதான்.

கூட வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் மனைவியின் தம்பி, டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இன்னொருத்தி அந்தத் தம்பியின் மகள், கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் படிக்கிறவள். மனைவியையும்தான் கூப்பிட்டார். "காரணமே இல்லாம வெயில்ல நடக்கணும்னு எனக்கென்னங்க தலையெழுத்து?" என்று அவள் அன்றைக்கே கழன்றுகொண்டாள்.

வீட்டின் பின்னறைச் சுவர் முழுக்க வரைபடம். நான்கு தாள்களை விளிம்பு பிசகாமல் ஒட்டியிருந்தார். ஆறு எத்தனை வளைவு வளைகிறதோ அத்தனை வளைவிலும் நனைத்த நூலைப் படியவைத்து, பிறகு நூலை நிமிர்த்தி அளந்து, ஒவ்வொரு நாளும் எவ்வளவு தூரம் என்று பென்சிலால் குறித்தார். ஊற்று இருக்குமிடத்தில் நீலப் புள்ளி. மழை வந்தால் வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறும் என்று விசாரித்து, அதற்கு மேலே இருக்கிற மேடுகளில் மட்டும் கூடாரம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். பல் குச்சியின் கனம்கூட அவருக்கு மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பியும் மகளும் வந்து அந்த அறையில் உட்காருவார்கள். மலத்தையும் பையில் கட்டித் தூக்கிக்கொண்டுதான் திரும்ப வேண்டும் என்ற விதியை அவர் வாசித்துக் காட்டிய அன்று தம்பி வெலவெலத்துப் போனார். "அத்தான், அஞ்சு நாளும் முதுகுலயா?" என்றார். "அவங்கவங்களது அவங்கவங்க முதுகுல" என்று மெக்கானிக் சொல்ல, அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அன்றைய வேலை அத்தோடு நின்றது.

கடைசி இரண்டு ஞாயிறுகளில் அவள் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இல்லன்னாலும் புரியற மாதிரி சொல்லுங்க மாமா" என்றாள். வழியில் யாராவது பிரிந்துவிட்டால் உதவும், பெண்ணுக்குப் புத்தி இருக்கிறது என்று அவர் பூரித்துப்போய் இன்னும் விளக்கமாகச் சொன்னார்.

இனி அந்தப் படிக்காமல் செய்கிற காரியம். அவர் வீட்டில் காகித இலாகா முழுக்க மனைவியினுடையது. அவள் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவள், படிவம் என்றால் தண்ணீர் பட்ட பாடு. வாடகை ஒப்பந்தமோ, வரியோ, ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டிய காகிதமோ, எல்லாவற்றையும் நிரப்பி, கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு நீட்டுவாள். அவர் நின்ற வாக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவார். இருபத்தாறு வருஷமாக ஒரு வரி படித்ததில்லை. இதைப் பம்ப் அறையில் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார். "எங்க வீட்டுல நான் கையெழுத்து மட்டும்தான்பா" என்பார்.

புறப்பட இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், மூன்றாம் நாள் ஊற்றில் தண்ணீர் வருகிறதா என்று கேட்க வனத்துறை அலுவலகத்துக்குப் போன் செய்தார். அனுமதிப் பிரிவில் இருக்கும் எழுத்தர் அம்மாவுக்கு அவர் குரல் பழக்கம். அனுமதி எண்ணைச் சொன்னதும் அந்த அம்மா கொஞ்சம் தயங்கினார்.

"சார், இந்த அனுமதியில உங்க பேர் இப்ப இல்லையே. போன மாசமே விலகிட்டீங்களே. உங்களுக்குப் பதிலா வேற ஒருத்தரைச் சேர்க்கச் சொல்லி நீங்கதானே படிவம் அனுப்பினீங்க?"

"நான் எதுவும் அனுப்பலையேம்மா."

"உங்க கையெழுத்து இருக்கு சார்." மாற்று ஆளின் பெயரை அந்த அம்மா வாசித்தார். தம்பி மகளுக்குப் போன மாதம் நிச்சயமான மாப்பிள்ளையின் பெயர். "இது நீங்க போட்ட கையெழுத்து இல்லன்னா இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லிடுங்க. நாளைக்கு அனுமதி அட்டை அச்சாகிடும். ஆனா ஒண்ணு சார். ஒரு தடவைதான் ஆள் மாத்த முடியும், திரும்ப உங்க பேரைப் போட முடியாது. தகராறுன்னு வந்துட்டா அனுமதியையே ரத்து பண்ணிடுவோம். யாரும் போக முடியாது."

மெக்கானிக் போனை வைத்தார். மூன்று பம்புகளும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடி, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மனைவிக்கு அன்றைக்கு விடுமுறை. சாப்பாட்டு மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பூட்ஸைக் கழற்றாமல் அவர் உள்ளே வந்ததைப் பார்த்ததுமே அவள் கை நின்றுவிட்டது. அவர் வனத்துறை என்று ஆரம்பித்தவுடன் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மழுப்பவில்லை, அந்த மட்டுக்கும் சரி.

"உங்க முட்டியை நினைச்சுத்தாங்க" என்றாள்.

"என் முட்டி தினமும் எட்டு மாடி ஏறுது. வேற சொல்லு."

அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "மாப்பிள்ளைக்கு இந்த மாதிரி போறதுன்னா உயிராம். கேள்விப்பட்டதும் ஆசைப்பட்டிருக்கார். தம்பி வந்து என்கிட்ட சொன்னான். அத்தான்கிட்ட நேரா கேக்க வாய் வரல, நீ கேட்டுப் பாருன்னான்."

"கேக்கத்தானே சொன்னான்?"

"ஆமா."

"ஏன் கேக்கல?"

"நீங்க மாட்டேன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் தம்பி முகத்துல எப்படி முழிக்கிறது?"

"என் முகத்துல?"

"நீங்க நம்ம வீட்டு ஆளு" என்றாள் அவள். "கோவிச்சுக்கிட்டாலும் ரெண்டு நாள்ல சமாதானம் பண்ணிக்கலாம். புது சம்பந்தம் அப்படியா?"

மெக்கானிக் அந்த வாக்கியத்தை மனதுக்குள் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். இருபத்தாறு வருஷத்துக்கு அவர் வாங்கின பேர் இதுதான். கோவிச்சுக்கிட்டால் சமாதானம் பண்ணிவிடலாம் என்கிற ஆள். அடிபட்ட இடம் உடனே வலிக்காது என்பார்களே, அவருக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை. உடனே வலித்தது.

"எப்ப சொல்றதா இருந்தே?"

"ஆஸ்பத்திரியில உங்களுக்கு லீவு கிடைக்காதுன்னு நினைச்சேன். கிடைக்கலன்னா பிரச்சனையே இல்ல. நீங்க லீவு வாங்கிட்டு வந்து சுவீட் வேற குடுத்தீங்க. அன்னிக்கே சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல."

"எந்தக் காகிதத்தோட சேத்து வச்சே?"

"காப்பீட்டுப் புதுப்பிப்போட. மூணாவது தாள்."

அவருக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருந்தது. கையில் கிரீஸ் இருக்கிறது, தாள் அழுக்காகும் என்று சொன்னார். அவளே ஒரு துணியால் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, பேனாவைக் கொடுத்தாள்.

கத்த வேண்டும் போலிருந்தது. எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போலவும் இருந்தது. "கேட்டிருந்தா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருப்பேன். அப்புறம் குடுத்திருப்பேன். என்னைக் குடுக்க விடாம எடுத்துட்டியே" என்றார். குரல் உடைந்தது அவருக்கே அவமானமாக இருந்தது.

பின்னறைக்குப் போய் வரைபடத்தின் முன்னால் நின்றார். ஒரு போன் போதும். கையெழுத்து மோசடி என்று ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளையும் போக முடியாது, தம்பியும் போக முடியாது. நன்றாக வேண்டும் என்று நினைத்தார். முழுதாக ஒரு மணி நேரம் அப்படித்தான் நினைத்தார். அந்தப் பெண் மண் நிறத்துக்கு ஒரு பேர், பாறை அடுக்குக்கு ஒரு பேர் என்று வரைபட ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அதைப் படித்தார். அவளும் ஐந்து வருஷமாகக் காத்திருந்தவள்தான். அதோடு, மோசடி என்று சொன்னால் மோசடி செய்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தக் கேள்வி வேலைக்கே உலை வைக்கும்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தபோது கூடத்துக்கு வந்து போனை எடுத்தார். மனைவி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கையெழுத்து என்னுதுதாம்மா" என்றார் எழுத்தரிடம். "நான்தான் மறந்துட்டேன்."

"படிச்சுப் பார்த்துட்டுத்தானே சார் போட்டீங்க? கேட்டு எழுதிக்கணும், அதான்."

"ஆமாம்மா. படிச்சுட்டுத்தான்."

வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். மனைவி தோளில் கை வைத்தாள். அவர் தோளை நகர்த்திக்கொண்டார். இனிமேல் இந்த வீட்டில் ஒவ்வொரு வரியையும் படிக்கப் போகிறோம் என்ற நினைப்பே அவருக்குக் கசந்தது.

"ஒண்ணு மட்டும் செய்" என்றார் தலையைத் தூக்காமல். "உன் தம்பிகிட்ட, மாப்பிள்ளைக்காக நானே விட்டுக் குடுத்தேன்னு சொல்லிடு. பெண்டாட்டி ஏமாத்தினதுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாம். குடுத்தவன்ங்கற மரியாதையாவது எனக்கு மிஞ்சட்டும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அதுகூடச் செய்ய மாட்டியா?"

"அப்படித்தாங்க சொல்லியிருக்கேன்" என்றாள். "போன மாசமே சொல்லிட்டேன். உங்ககிட்ட இதைப் பத்திப் பேசினா மனசு கஷ்டப்படுவீங்க, பேச வேண்டாம்னும் சொல்லி வச்சேன். மாப்பிள்ளை வீட்டுல எல்லாரும் உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையாப் பேசினாங்க."