மஞ்சள் மெழுகில் ஒரு முக்கோணம்

பழைய ஜப்பான் கார் ஒன்றின் கதவுக்குள் மஞ்சள் மெழுகுக் குச்சியால் யாரோ எழுதியிருந்த எழுத்து, எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் விடிந்ததும் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. பெயிண்டர் முதலில் காற்றில் ஈரம் என்றார். அப்புறம் பிரைமர் மட்டம் என்று கடைக்காரரை ஏசினார். கடைசியில் உப்புத்தாள் போட்டு இரும்பு பல்லிளிக்கும்வரை தேய்த்து, தின்னரால் துடைத்து, புதிதாக அடித்துவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தால் எழுத்து அதே இடத்தில், ஒரு கோடுகூட மங்காமல் இருந்தது. பட்டறையில் மற்றவர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டிகளைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் பார்க்காதது இல்லை. ஒருமுறை பேட்டரியே இல்லாத வண்டி ஒன்று மத்தியான நேரங்களில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். அலட்டிக்கொண்டது பெயிண்டர் ஒருவர்தான். அதற்குக் காரணம் அந்த எழுத்து அல்ல, அவருடைய மனைவி.

அவளுக்கு அதே பட்டறையில் சீட்டுக்கு ரெக்சின் தைக்கிற குஷன் வேலை. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி எழுத்தைக் கண்டுபிடித்ததே அவள்தான். கை விளக்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, "எவ்வளவு நிதானமா எழுதியிருக்காரு பாருங்களேன்" என்றாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவருடைய வேலையைப் பார்த்து அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவும் வழியில்லை. பெயிண்டரின் பெருமையே கை பட்டது தெரியாமல் அடிப்பதுதான். அவர் அடித்த வண்டியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று ஊரே சொல்லும். வாருகிறவர் முகம் தெரியும், அடித்தவர் தெரியமாட்டார். இவனோ நாலு எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறான், அவனுக்கு ஒரு 'எழுதியிருக்காரு'. பெயிண்டர் அன்று மத்தியானம் சாப்பாட்டைப் பாதியில் மூடி வைத்தார்.

வண்டியின் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டரம்மா. ஜப்பானில் படித்தவர். கதவுக்குள் தலையை விட்டு, தானும் வாயை லேசாகத் திறந்துகொண்டு படித்தார். "கம்பெனியில வேலை பார்த்தவங்க எழுதினது. இடது முன் கதவு, இறுக்கம், இன்னொரு தடவை பார்க்கவும்னு இருக்கு. இந்த முக்கோணம் அரைகுறைன்னு அர்த்தம். பக்கத்துல வட்டம் போட்டிருக்காங்க பாருங்க, அப்படின்னா திரும்ப வந்து பார்த்து சரி பண்ணியாச்சு." பெயிண்டருக்கு உயிர் வந்தது. கவிதையும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை, வெறும் கதவு சமாசாரம். ஆனால் குஷன்காரி விளக்கை அணைக்காமல் அப்படியே நின்றாள். "ஒரு கதவுக்காகத் திரும்பி வந்து பார்த்திருக்காரு" என்றாள். பெயிண்டருக்கு வயிறு எரிந்தது. போதாததற்கு டாக்டரம்மா, பழைய வண்டிக்கு இதுதான் அழகு, அழித்துவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் அவர் அந்த எழுத்தைச் சுற்றி டேப் ஒட்டி, பேப்பர் மறைத்து, ஒரு துளி தெறிக்காமல் பார்த்துப் பார்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. எதிரிக்குக் குடை பிடிப்பது என்றால் என்ன என்று அன்றைக்கு அவருக்குத் தெரிந்தது.

அந்த வண்டி போனது, வேறு ஜப்பான் வண்டிகள் வந்தன. ஒன்றின் டிக்கிக்குள்ளும் இன்னொன்றின் பின்சீட்டு முதுகிலும் அதே மஞ்சள், அதே கை. அதற்கப்புறம் ஜப்பான் பக்கமே போகாத வண்டிகளிலும் எழுத்து வர ஆரம்பித்தது. முக்கோணம் போட்ட இடத்தைத் தட்டிப் பார்த்தால் அங்கே ஏதாவது ஒரு கோளாறு நிச்சயம் இருக்கும். சரிசெய்தால் மறுநாள் வட்டம் இருக்கும். நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் வேலைக்காரர் இதை வசதியாகவே எடுத்துக்கொண்டார். "சம்பளம் கேக்காத சூப்பர்வைசர்ப்பா. உனக்கென்ன எரியுது? உன் சம்சாரத்தையா பாக்குறான், கதவைத்தானே பாக்குறான்" என்று பெயிண்டரைச் சீண்டுவார். பெயிண்டர் ஸ்ப்ரே கன்னைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விடுவார். குஷன்காரி ஒவ்வொரு அட்டையைக் கழற்றும்போதும் அவள் முகத்தைத்தான் அவர் கவனித்தார். பெண் பார்க்கப் போன அன்று அந்த முகத்தில் இருந்த ஒரு ஆவல் அதில் இருந்தது. அது நடுவில் எங்கே போயிருந்தது என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. இப்போது யாருக்காக வந்தது என்று கேட்க மட்டும்தான் தோன்றியது.

அடுத்த மழைக்காலத்தில் எழுத்து வீட்டுக்கு வந்தது. சமையலறைக் குழாயின் கீழே ஒரு முக்கோணம், ஆடும் கட்டிலின் காலில் ஒன்று, மூடாத ஜன்னலில் ஒன்று. அவள் பல வருஷம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன விஷயங்கள் இவை. "வாய்யா, என் வீட்டுக்குள்ளயே வந்துட்டியா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பெயிண்டர் அன்றைக்கே குழாயைக் கழற்றினார். பிறகு கட்டில், ஜன்னல், கீல், தாழ்ப்பாள் என்று போனது. அந்த ஆள் கண்டுபிடிப்பதற்குள் தான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு முழுக்கத் தட்டிக்கொண்டு திரிந்தார். அவன் எப்படியும் ஒரு படி முந்தியிருந்தான். சில வருஷங்களில் அந்தத் தெருவிலேயே ஒழுகாத, ஆடாத, கிறீச்சிடாத வீடு அவர்களுடையதுதான். காலையில் வட்டத்தைப் பார்த்தால் அவள் "சரியாயிடுச்சாம்" என்று மெல்லச் சிரிப்பாள். ஸ்பேனரைப் பிடித்தவர் இவர், சிரிப்பு அவனுக்கு.

ஒரு சாயங்காலம் அது வெடித்தது. டம்ளரைக் கழுவி வைத்தபடி அவள் மறுபடி "சரியாயிடுச்சாம்" என்று முணுமுணுக்க, அவர் "அவன்தான் அவ்வளவு பெரிய ஆளாச்சே, அவனோடயே போயேன்" என்று கத்தினார். அவள் திரும்பவில்லை. "அவர் யாரு, எப்படி இருப்பாருன்னுகூட எனக்குத் தெரியாதுங்க. ஆனா ஒரு தடவை பாத்ததை இன்னொரு தடவை பாக்குறாரு. இந்த வீட்டுல அது யாருக்கும் வராது" என்றாள். அதற்கப்புறம் அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோறு வந்தது, துணி மடிந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. தன் அக்கா வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நாள் இருக்கலாம் என்று யோசிப்பதாக டிங்கர் வேலைக்காரரிடம் சொன்னாளாம். அவர் மூலமாகத் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டதே என்பதுதான் பெயிண்டருக்கு எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது.

பெட்டியை எடுத்து வைத்திருந்த நாளில் அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு முன்னால் நடந்து போனாள். ரவிக்கைக்கு மேலே, வலது தோள்பட்டைக்குப் பின்னால், அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தது. பெயிண்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. கதவைத் தொட்டான், கட்டிலைத் தொட்டான், இப்போது இங்கேயும் கை வைத்துவிட்டானா? தின்னர் துணியை எடுத்துக்கொண்டு பாய்ந்தவர், அது தோல், தகரம் இல்லை என்று நினைவு வந்து நின்றார். முக்கோணத்துக்குக் கீழே எழுத்து இருந்தது. இத்தனை வருஷப் பகையில் அந்த எழுத்தை அவர் மனப்பாடமாகவே அறிவார். இறுக்கம். இன்னொரு தடவை பார்க்கவும்.

பார்த்தார். அவள் தலை துவட்டியது இடது கையால். இடது கையில் துண்டு இருக்க, மேல்தட்டுச் சீப்பை வலது கையால் எடுக்க ஸ்டூலை இழுத்தாள். வலது கை இடுப்புக்கு மேல் எழவில்லை. "இந்தக் கைக்கு என்ன ஆச்சு?" என்றார். "வருஷக்கணக்கா இப்படித்தாங்க" என்றாள் அவள். "தடி ரெக்சினை ஊசி போட்டு இழுத்து இழுத்து இறுகிப்போச்சு." "சொல்லக் கூடாதா?" அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவர் எண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு வந்து, பெட்டியை நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் தோளைப் பிடித்துவிட்டார். அன்பால் என்று சொன்னால் பாதிப் பொய். அந்த மஞ்சள் முக்கோணத்தைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. எரிய எரியக் கட்டை விரல் நன்றாக அழுத்தியது. பட்டி பூசிய தகரத்தில் மேடு பள்ளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தடவிக் கண்டுபிடிக்கிற விரல் அது. ஒவ்வொரு முடிச்சாகத் தேடி எடுத்தது. பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. பெட்டி பரணுக்குப் போனது.

வெயில் காலம் முடிகிற சமயத்தில் ஒருநாள், சேலைத் தலைப்பை விலக்கியபோது முக்கோணத்தின் பக்கத்தில் வட்டம் இருந்தது. சுத்தமாக, ஒரே இழுப்பில் போட்ட வட்டம். பெயிண்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்தது என்று அவன் சொல்லிவிட்டான். நாளையிலிருந்து அவர் இங்கே உட்காரக் காரணம் இல்லை.

"என்னங்க சத்தத்தையே காணோம்? வட்டம் போட்டுட்டாரா?" என்றாள் அவள்.

பெயிண்டர் உள்ளங்கையை அந்த வட்டத்தின்மேல் வைத்து மூடினார். "இல்ல. இன்னும் முக்கோணம்தான்."

"ரொம்ப கண்டிப்பான ஆளு" என்றாள் அவள். அவர் பிடித்து முடித்ததும், எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், ஸ்டூல் போடாமல், வலது கையை உயர்த்தி மேல்தட்டில் வைத்தாள். "அப்ப நாளைக்கும் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போனாள். பெயிண்டர் சரி என்றார்.