இடது பக்கம் இழுத்த ஜீப்

மூன்று மாதத்துக்கு முன்பு தன்னை வேலையை விட்டு நிறுத்திய மனுஷன் வீட்டு வாசலில், அவர் ஜீப்புக்கு அடியிலேயே மல்லாந்து கிடப்பதை நினைக்க ராசப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வராமல் இருக்கவும் வழியில்லை. மதுக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்து வேனுக்கு டிரைவர் வேண்டியிருந்தது. அவனைப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. முன்பு வேலை பார்த்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறோம் என்றார்கள். அந்த இடம் நஞ்சுண்டன் தோட்டம். நஞ்சுண்டனோ, ராசப்பன் குடித்துவிட்டு ஜீப்பைப் பாலத்துச் சுவரில் கொண்டுபோய் இடித்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

ராசப்பன் கள்ளைக்கூட நாக்கில் வைத்ததில்லை. அன்றைக்கு ஆனைமலைக் கோயிலுக்குப் போகையில் பிரேக்கை மிதித்தான். வண்டி தானாக இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் முட்டியது. முன்சக்கரத்து ஸ்பிரிங் பட்டைகளை வண்டிச் சட்டத்தோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டதென்று அதற்கு முன்பே மூன்று தடவை சொல்லியிருந்தான். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாமா" என்று சிரித்தார் நஞ்சுண்டன். இங்கே மேடை நிஜமாகவே கோணல். யார் கேட்டார்கள்?

இப்போது தானே ஓட்டித் தன் கை வலித்ததும் மனுஷனுக்கு ஞானம் வந்தது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் நாலு நாள் போட்டுவிடுவான், ஊட்டுலயே மாத்திப்போடலாம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ராசப்பனுக்கு ஆள் அனுப்பினார். தேய்ந்த புஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்தால் உண்மை விளங்கிவிடும், போன் வருவதற்குள் மனசு மாறிவிடுவார் என்று ராசப்பனும் வந்தான்.

போல்ட் நகருவேனா என்றது. மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணி நேரம் விட்டுச் சம்மட்டியால் அடித்தான். துருதான் கண்ணில் கொட்டியது. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நஞ்சுண்டன், "ஓங்கி அடிடா" என்றார். ஓங்கினால், "மெதுவாடா, மரை போயிரும்" என்றார். சம்மட்டியை அவர் கையில் திணித்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது.

பதினொரு மணிக்குத்தான் புஷ் கழன்றது. ஒரு பக்கம் ரப்பரே இல்லை.

"பாருங்க. இதனாலதானுங்க அன்னைக்கு வண்டி இழுத்துச்சு."

நஞ்சுண்டன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடியே சொல்லியிருக்கோணுமல்ல?"

காப்பி கொண்டுவந்த அவர் மனைவி குழந்தையம்மாள், "மூணு வாட்டி சொன்னானுங்களே, நானே கேட்டேன்" என்றாள். நஞ்சுண்டன் புஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் காப்பியைக் குடித்தார். ராசப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

புது ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஏற்றினான். சக்கரத்தைத் தரையில் இறக்கி, பட்டைமேல் பாரம் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுசும் திருகிப் பிய்ந்துபோகும். அதைச் சொன்னான்.

"எனக்கே பாடமாடா? இப்பவே முறுக்கு."

அதற்குள் போன் அடிக்க, நஞ்சுண்டன் எழுந்து போனார். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"ராசப்பனுங்களா? தங்கமான பையனுங்க. வேலை சுத்தமுங்க. அதுங்களா? அதெல்லாம் பழைய கதைங்க. இப்பெல்லாம் குடிக்கறதில்லீங்க. தைரியமா வெச்சுக்குங்க."

ராசப்பன் வெடுக்கென்று எழப்போய்த் தலை சட்டத்தில் இடித்தது. வலிகூடத் தெரியவில்லை.

நஞ்சுண்டன் பெரிய தர்மம் பண்ணிய முகத்தோடு வெளியே வந்தார். "சொல்லிப்போட்டேன். நாளைக்கே வரச் சொல்றாங்க."

"நான் எப்பங்க குடிச்சேன்?"

"அதான் வேலை கெடச்சிருச்சே, அப்புறமென்ன?"

ராசப்பன் குழந்தையம்மாளைப் பார்த்தான். அவள் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"முறுக்குடா, நேரமாச்சு."

அவன் ஜாக்கியை இறக்கினான். அவர் கத்தக் கத்தச் சக்கரத்தைத் தரையில் உட்காரவைத்துவிட்டு, அப்புறம்தான் முறுக்கினான். வண்டி இனி நேராக ஓடும். நாளையிலிருந்து தினமும் காலையில் வேன் சாவியைக் கொடுக்குமுன் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து அவன் வாயை மோந்து பார்ப்பார்.