நிலவேம்புக்கு முகம் சுளிக்காதவர்

காய்ச்சல் விட்ட அன்று கணவர் நிலவேம்புக் கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை.

மனைவி டம்ளரை வாங்காமல் அவரையே பார்த்தாள்.

“எப்போலேருந்து?”

“என்ன எப்போலேருந்து?”

“நாக்கு.”

அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். “காய்ச்சல் வந்த மறுநாள்லேருந்து. ஆபீஸ்ல யாருக்கும் சொல்லிடாதே.”

தேயிலைக் கிடங்கில் ருசி பார்ப்பது அவர் வேலை. திங்கட்கிழமை புது மாதிரிகள் வரும். அவர் உறிஞ்சித் துப்பிவிட்டுச் சொல்வதுதான் தரம்.

அவள் மூலிகை மருந்துத் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இருந்தாள். வந்திறங்கும் நிலவேம்பில் கசப்புச் சத்து எவ்வளவு என்று அளப்பாள்.

“அந்தக் கசப்புக்குப் பேரு ஆண்ட்ரோகிராஃபோலைடு. தண்டைவிட இலையில அதிகம். காய்ச்சலுக்கும் கல்லீரலுக்கும் இதைத்தான் நம்பிக் குடிக்கறாங்க.”

“பேரைச் சொன்னாலே நாக்கு சுளுக்கிக்கும் போலிருக்கே.”

“சுளுக்கட்டும். சும்மாதானே கிடக்கு.”

“இது குடிச்சா ருசி வந்துடுமா?”

“வராது. வந்துடுச்சான்னு மட்டும் சொல்லும்.”

சனிக்கிழமை இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை வைத்தாள். ஒன்றில் தண்ணீர். மற்றதில் நிறம் தெரியாத அளவுக்கு நீர்த்த கஷாயம். அவர் ஒவ்வொன்றாக எடுத்து உறிஞ்சினார்.

“இதுதான் கசப்பு.”

சரி. இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் சரி. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஏதோ தோன்றி, டம்ளர்களை மாற்றிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

பின்னால் மாறி மாறி உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“ரெண்டும் தண்ணிதான்” என்றார்.

“அப்போ முன்னாடி எப்படிச் சொன்னீங்க?”

“கசப்பை நான் எடுத்தா உன் மூக்கு சுருங்குது. நீயே குடிக்கிற மாதிரி.”

“திங்கட்கிழமை என் மூக்கையும் கூட்டிட்டுப் போவீங்களோ?”

அவர் போனை எடுத்து மேலாளரை அழைத்தார். “நாக்கு சரியில்ல சார். நான் சொல்றதை நம்பி வாங்கறவங்க இருக்காங்க. வேற ஆளைப் போடுங்க.”

“நாக்கு வந்ததும் வாங்க. உங்க நாற்காலியை யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்க?” என்றார் மேலாளர்.

அதன்பின் தினமும் பல் துலக்கியதும் ஒரு வாய் கஷாயம். தினமும் அவர் நாக்குக்கு அது தண்ணீர்தான்.

ஒரு காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து கத்தல் கேட்டது.

“ஏய்! இத்தனை நாளும் இந்தக் கண்றாவியையா எனக்கு ஊத்திக் குடுத்தே?”

ஈரத் தலையோடு ஓடிவந்தாள்.

“இன்னொரு வாய் குடிங்க.”

“எதுக்கு? அதான் தெரிஞ்சுபோச்சே!”

“நான் பார்க்கல.”

குடித்தார். அவளைத் திட்டிக்கொண்டே, டம்ளர் காலியாகும்வரை.