நாலாம் மாடித் தண்ணீர்

நாலாம் மாடி வீட்டுத் திறப்பு என்னிடம் இல்லை என்று சுகாதாரம் பார்க்க வந்த பி.எச்.ஐ. புஷ்பராஜிடம் சொன்னபோது அந்தச் சாவி என் சாரத்து மடிப்பில் குத்திக்கொண்டிருந்தது.

கீழ்வீட்டு ரிஸ்லாவின் மகளுக்கு டெங்கு. ஆறு வயது. மூன்று நாளாக ஆஸ்பத்திரியில். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறதாம். எங்கள் தொடர்மாடியில் இரண்டு கிழமைக்குள் இது மூன்றாவது ஆள். நுளம்பு எங்கே பெருகுகிறது என்று தேட டோர்ச்சோடு வந்திருந்தார் புஷ்பராஜ், ஹட்டன் பக்கத்து மனிதர். தொடர்மாடிச் சங்கத் தலைவர் என்ற முறையில் நான் முன்னால் நடந்தேன். நாற்பது வருடம் காலி வீதியில் புடவைக்கடை வைத்திருந்தவன். வந்தவரின் கண்ணை எந்தத் தட்டுக்குத் திருப்புவது, எதைக் காட்டாமலே அனுப்புவது என்பது எனக்குக் கைவந்த வேலை. பக்கத்துக் கட்டட வேலைக் குழியைக் காட்டினேன். இரண்டாம் மாடி சாருஜா டீச்சரின் பூச்சாடிகளைக் காட்டினேன்.

“வரதராசா அண்ணை, உங்கட வாய்க்குள்ள தேங்கிக் கிடக்கிறதையும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்கோ,” என்றாள் டீச்சர்.

எங்கும் ஒன்றுமில்லை. புஷ்பராஜ் மேலே பார்த்தார்.

“அந்தப் பூட்டின வீடு யாருதுங்க?”

“மகன்ர. அவர் டொரொண்டோவில. ஆளில்லாத வீட்டில என்ன தம்பி தண்ணி?”

“ஆளில்லாத வீட்லதாங்கய்யா நுளம்பு நிம்மதியா குடும்பம் நடத்துது.”

“நாளைக்கு வாருங்கோவன். திறப்பைத் தேடி வைக்கிறன்.”

“நாளைக்குள்ள இன்னொரு புள்ள படுத்துட்டா?”

மடிப்பை அவிழ்த்துத் திறப்பை எடுத்தேன்.

குளியலறையில் நீலப் பீப்பா. காலையில் நாலாம் மாடிக்குத் தண்ணீர் ஏறாது. பிளேனில் வந்த களைப்போடு பிள்ளை குளிக்க வேண்டுமே என்று, சித்திரையில் அவன் வருகிறேன் என்ற கிழமை, நானே வாளி வாளியாகச் சுமந்து நிரப்பியது. லீவு இல்லை, ஆடிக்கு வாறன் என்றான். ஆடியில், மார்கழிக்குப் பார்ப்பம் என்றான். கிழமைக்கொரு தடவை போய்க் கட்டில் விரிப்பை உதறிவிட்டு வருவேன். பீப்பாவை மட்டும் தொடுவதில்லை. ஊற்றிவிட்டால், இனி வரமாட்டான் என்று நானே முடிவுகட்டியதாகிவிடும்.

டோர்ச் வெளிச்சத்தில் தண்ணீர் முழுவதும் புழுவாய் நெளிந்தது.

“யாரு குளிக்கவுங்க இது?”

நான் சுவரைப் பார்த்தேன். அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

“எழுதித்தான் ஆகணுங்கய்யா. கோர்ட்டுக்குப் போகும்.”

“எழுதுங்கோ. மகன்ர பேர் வேண்டாம், என்ர பேரைப் போடுங்கோ.”

இருவருமாக அள்ளி மொட்டைமாடியின் சூட்டுச் சீமெந்தில் ஊற்றினோம். பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது.

அவர் போனபின் ரிஸ்லாவின் வீட்டுக்கு இறங்கினேன். ஒரு படியில் தயாரித்த வசனத்தை அடுத்த படியில் கைவிட்டேன். கதவு பூட்டியிருந்தது. வாசலில் சின்னச் செருப்பொன்று குப்புறக் கிடந்தது. நிமிர்த்தி வைக்கக் குனிந்தேன். தொட மனம் வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தேன். வேலை முடிந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக என்னை விலத்தி ஏறிப்போனார்கள். கேற் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன்.