ஆடு ஏறாத மலையும் பாதையோரக் காடும்

பணிமனையில் காலை வண்டிகள் ஒன்றாகப் புகை கக்கின. பஸ் முதலாளி இருமிக்கொண்டே சிரித்தார். ஓட்டுநர்கள் அவருக்கு வைத்த பெயர் ஹாரன். ஆள் வருமுன்னே குரல் வந்துவிடும்.

"இனிமே நம்ம புகைக்கு ஒரு காடே ஈடுடா!"

கார்பன் ஈடு என்பார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மரத்தை வெட்டாமல் விட்டால் அது பிடித்து வைத்த கரி காற்றில் கலக்காது. அந்தக் காவலுக்குப் பணம் கொடுப்பவர் அதைத் தம் புகைக்கு ஈடாகச் சொல்லிக்கொள்ளலாம். தரகர் ஒருவர் காட்டின் படத்தோடு வந்திருந்தார். தேநீர் கொடுத்த முதலாளியின் மனைவி படத்தை எட்டிப் பார்த்தாள்.

"இதை யாருங்க வெட்ட வர்றா?"

"யாருமே வர முடியாதுக்கா. சுத்தியும் செங்குத்துப் பாறை. ஆடுகூட ஏறாது," என்றார் தரகர் பெருமையாக.

"அப்ப நம்ம பணம் எதைத் தடுக்குது? திருடனே ஏற முடியாத வீட்டுக்குக் காவல்காரன் சம்பளமா?"

பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்த மெக்கானிக் களுக்கென்று சிரித்தான். தரகர் சூட்டோடு தேநீரை விழுங்கினார்.

"விலை சல்லிசு இல்ல?" ஹாரன் விடாமல் முழங்கினார்.

"காத்தைப் பொட்டலம் கட்டினா சல்லிசாத்தான் கிடைக்கும்," என்றாள் மனைவி.

தரகரை அனுப்பிவிட்டு, நிஜமாகவே வெட்டுப்படப் போகும் காடு ஒன்றைத் தேடிக் கணவனும் மனைவியும் தங்கள் பஸ்ஸிலேயே கடைசி நிறுத்தத்துக்குப் போனார்கள். அங்கே இருந்தது ஊருக்குச் சொந்தமான பாதையோரக் காடு. மர அறுவைக்காரர் அதற்கு விலை பேசிவிட்டார். ஊரின் காட்டுச் சங்கம் மறுநாள் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சங்கத் தலைவி அவர்களை முதலில் கருகிய சரிவுக்கே கூட்டிப்போனாள்.

"இது வெயில்காலத்துல தீப்பிடிச்சு எரிஞ்சதுங்க. இதைக் கழிச்சுட்டுத்தான் கணக்கு. வருஷா வருஷம் வெளியாளுங்க வந்து அளப்பாங்க. அந்தக் கணக்கை ஊருக்கே படிச்சுக் காட்டுவோம்."

"நாளைக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?" என்று கேட்டார் ஹாரன்.

"மனசு வேணாங்குது. வயிறு வெட்டுங்குது. ஆனா ஒண்ணுண்ணே, உங்க புகையை முதல்ல நீங்க குறைக்கணும். மிச்சத்துக்குத்தான் நாங்க."

ஹாரன் ஒரு பெருமரத்தைக் கட்டிப் பிடித்தார். கை எட்டவில்லை. மனைவி மறுபக்கம் நின்று அவர் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்தன்னைக்குப் பிடிச்சது. அப்புறம் இன்னைக்குத்தான்."

தலைவி விழுந்து விழுந்து சிரித்தாள். புகையைக் குறைக்கவும் மிச்சத்துக்குக் காட்டுக்குப் பணம் கொடுக்கவும் ஹாரன் சம்மதித்ததும் அறுவைக்காரருக்குப் போன் போட்டாள். "ரம்பத்தைத் துடைச்சு மூடி வைங்கண்ணே. எங்க காடு விலைக்கில்ல."

ஹாரனின் குரல் அன்றுதான் தணிந்து ஒலித்தது: "வெட்டுப்பட இருந்த மரத்தை நிக்க வைக்கணும், நிக்குதான்னு அடுத்தவன் வந்து அளந்து பாக்கணும். அதுதான் ஈடு. மத்ததெல்லாம் நம்ம மனசாட்சிக்கு நாமே பாடுற தாலாட்டு."